பாலம் கொஞ்சம் தூரம்தான் – ஆர்னெம், நைமேகன், சில பழைய கணக்குகள்

நெதர்லாந்து போய் வந்தோம் என்றதும் ஆபீஸ் நண்பர்களும் சரி, மயூர் விஹார் கோயிலில் பார்க்கும் நம்மூர் மாமிகளும் சரி, கேட்டது ஒரே கேள்விதான். "ட்யூலிப் தோட்டம் பார்த்தீங்களா?" செப்டம்பரில் ட்யூலிப் பூக்காது என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. காற்றாலை முன்னால் மரச்செருப்புப் போட்டுக்கொண்டு எடுத்த போட்டோவும் கிடையாது. தங்கமணிக்கு அதில் இன்னும் கொஞ்சம் வருத்தம்.

நாங்கள் போனது கெல்டர்லாந்து என்ற மாகாணம். நாட்டின் கிழக்குப் பக்கம், ஜெர்மனி எல்லையை ஒட்டி இருக்கிறது. யோசனை என்னுடையதல்ல, ஐந்தோவனில் வேலை பார்க்கும் மச்சினனுடையது. "அத்தான், ஆம்ஸ்டர்டாம்ல கூட்டம் நெருக்கும். செப்டம்பர்ல வர்றீங்க, உங்களுக்கு வேற சரித்திரப் பைத்தியம். ஆர்னெம் பக்கம் போங்க" என்றான். ஒரு வாரம் சுற்றினோம். எழுத உட்கார்ந்தால் பயணக்கட்டுரையாக வரவில்லை, சரித்திரமாகத்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊர் அமைப்பு. இது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. ரைன் நதி ஜெர்மனியிலிருந்து உள்ளே நுழைந்த சில கிலோமீட்டரிலேயே இரண்டாகப் பிரிகிறது. பெரிய கிளைக்குப் பெயர் வால், அது நைமேகன் ஊர் வழியாகப் போகிறது. சின்னக் கிளை கீழ் ரைன், அது ஆர்னெம் வழியாகப் போகிறது. முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிவதைப் பார்த்த திருச்சிக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டு ஊருக்கும் இடையே இருபது கிலோமீட்டருக்கும் குறைவு. நடுவில் தாழ்வான வயல்காடு, அதன் மேல் கரை போல உயர்த்திப் போட்ட சாலை. இந்த இருபது கிலோமீட்டரைக் கடக்க முடியாமல்தான் 1944-ல் ஒரு பெரிய படை தோற்றது.

அந்த வருடம் ஜூனில் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கின. செப்டம்பர் தொடக்கத்தில் ப்ரஸ்ஸல்ஸ், ஆன்ட்வெர்ப் இரண்டும் கைக்கு வந்துவிட்டன. ஜெர்மானியர்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், கிறிஸ்துமஸுக்குள் போர் முடிந்துவிடும் என்ற நினைப்பு எல்லோருக்கும். பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரி ஒரு திட்டம் போட்டார். நெதர்லாந்து வழியாக வடக்கே ஒரே பாய்ச்சலில் போய் ரைனைத் தாண்டி, ஜெர்மனியின் ரூர் தொழிற்பேட்டைப் பகுதிக்குள் திரும்பிவிடுவது. அதற்கு வழியில் உள்ள பாலங்கள் எல்லாம் உடையாமல் வேண்டும். எனவே பாராசூட் வீரர்களையும் கிளைடர் விமானங்களையும் முன்னாலேயே இறக்கிப் பாலங்களைப் பிடித்துவிட வேண்டும். பின்னால் பெல்ஜியம் எல்லையிலிருந்து டாங்கிப் படை சுமார் 100 கிலோமீட்டர் ஓடிவந்து சேர்ந்துகொள்ளும். திட்டத்தின் பெயர் மார்க்கெட் கார்டன். வான்படைப் பகுதி மார்க்கெட், தரைப்படைப் பகுதி கார்டன்.

பேங்கில் லோன் பைல் பார்த்தவர்களுக்கு இதில் இருக்கும் சிக்கல் உடனே தெரியும். வரிசையாக ஏழெட்டுக் கையெழுத்து வேண்டும், ஒன்று விழாவிட்டாலும் பணம் வெளியே போகாது. இங்கேயும் அதே கதைதான். எல்லாப் பாலமும் வேண்டும். ஒன்று போனாலும் கடைசிப் பாலத்தில் நிற்பவன் கதி அதோகதி. அந்தக் கடைசிப் பாலம் ஆர்னெம்.

1944 செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அதுவரை உலகம் பார்க்காத அளவுக்கு ஒரு வான்படை இறங்கியது. ஐந்தோவன் பக்கம் அமெரிக்க 101-ஆம் டிவிஷன், நைமேகன் பக்கம் அமெரிக்க 82-ஆம் டிவிஷன், ஆர்னெமில் பிரிட்டிஷ் முதல் வான்படை டிவிஷன். பிரிட்டிஷாருக்குத் துணையாக போலந்துப் படைப்பிரிவு ஒன்று. ஆனால் எல்லோரையும் ஒரே நாளில் கொண்டுபோக விமானம் போதவில்லை, மூன்று நாளாகப் பிரித்தார்கள். பாலத்துக்குப் பக்கத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் இருக்கும் என்று பயந்து, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் புல்வெளியில் இறக்கினார்கள். முதல் நாள் இறங்கியவர்களில் பாதிப் பேர், மறுநாள் வருபவர்களுக்காக அந்தப் புல்வெளியையே காவல் காக்க வேண்டியதாயிற்று. போதாததற்கு ரேடியோ சரியாக வேலை செய்யவில்லை. டிவிஷன் தளபதி அர்கார்ட் தன் ஆட்களைத் தேடிக்கொண்டு முன்னால் போய், ஜெர்மானியர் சூழ்ந்த ஒரு தெருவில் மாட்டி, ஒரு வீட்டின் பரணில் ஒளிந்திருந்தார். சண்டையின் மிக முக்கியமான நேரத்தில் தலைமை அதிகாரி பரணில்!

அந்தப் பகுதியில் ஓய்வுக்கு வந்திருந்த இரண்டு எஸ்.எஸ். டாங்கி டிவிஷன்கள் பற்றிய தகவல் முன்கூட்டியே வந்திருந்தது. உளவுப் பிரிவில் இருந்த ப்ரையன் அர்கார்ட் என்ற இளம் மேஜர் (தளபதிக்குச் சொந்தமில்லை, பெயர் ஒற்றுமைதான்) விமானப் புகைப்படத்தில் டாங்கி தெரிகிறது என்று மேலிடத்தில் காட்டினார். அவருக்கு உடம்பு சரியில்லை, களைத்துப் போயிருக்கிறார் என்று சொல்லி மருத்துவ விடுப்பில் அனுப்பிவிட்டார்கள். படத்தில் இருந்தவை எந்தப் பிரிவின் டாங்கிகள் என்று ஆய்வாளர்கள் பின்னால் விவாதித்தது வேறு விஷயம். கேள்வி கேட்டவரை லீவில் அனுப்பும் முறை எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. இவர் பிறகு ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ந்து, அதன் அமைதிப்படையை உருவாக்கியவர்களில் ஒருவராகி, 101 வயது வரை வாழ்ந்து 2021-ல் காலமானார்.

இத்தனைக்கும் நடுவில் லெப்டினன்ட் கர்னல் ஜான் ஃப்ராஸ்ட் தலைமையில் சுமார் 740 பேர் மட்டும் ஆற்றோரமாக நடந்து அன்று இரவே பாலத்தின் வடக்கு முனையைப் பிடித்துவிட்டார்கள். பத்தாயிரம் பேர் சேர்ந்து இரண்டு நாள் காக்க வேண்டிய இடத்தை இந்த 740 பேர் மூன்று பகலும் நான்கு இரவும் வைத்திருந்தார்கள். டாங்கிப் படை வரவே இல்லை. இன்றைக்கு அந்தப் பாலத்துக்கு ஃப்ராஸ்ட் பெயர்தான். ஆனால் அன்றைய பாலம் இல்லை இது. சண்டையில் தப்பித்த பழைய பாலத்தை அக்டோபரில் அமெரிக்க விமானங்களே குண்டு போட்டு உடைத்தன, ஜெர்மானியர் பயன்படுத்தக் கூடாது என்று. போருக்குப் பிறகு அதே தோற்றத்தில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். நடந்து கடந்தோம். சைக்கிள்காரர்கள் மணி அடித்து விரட்டினார்கள். சாதாரணமான பாலம்தான். 'எ ப்ரிட்ஜ் டூ ஃபார்' படம் பார்த்தவர்கள் இங்கே வந்து அடையாளம் தேடினால் கிடைக்காது. 'காந்தி' எடுத்த அதே ரிச்சர்ட் அட்டன்பரோ அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1977-ல் எடுத்த படம் அது. ஆர்னெம் அதற்குள் மாறிவிட்டதால் டெவன்டர் என்ற வேறு ஊரில் பாலக் காட்சிகளை எடுத்தார்கள்.

ஆர்னெமுக்குப் பக்கத்தில் ஊஸ்டர்பேக் என்று மரங்கள் அடர்ந்த சின்ன ஊர். அங்கே ஹார்டன்ஸ்டைன் என்ற மாளிகை ஹோட்டலாக இருந்தது. பாலத்தை எட்ட முடியாத மீதி டிவிஷன் இதைச் சுற்றித்தான் ஏறக்குறைய ஒரு வாரம் போராடியது. 1978 முதல் அது ஏர்போர்ன் மியூசியம். பெரிய பீரங்கிகளை விடச் சின்னப் பொருட்கள்தான் மனதைப் பிசைகின்றன. ஒரு வீட்டில் பதுங்கியிருந்த சிப்பாய்கள் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தில் கிறுக்கியதை அப்படியே எடுத்துவந்து வைத்திருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் இருட்டு, புகை, வெடிச்சத்தம் என்று சண்டைக்குள் நடப்பது போலவே அமைத்திருக்கிறார்கள். பையனுக்கு அது பிடித்தது. எனக்குக் கொஞ்சம் தீம் பார்க் வாடை அடித்தது, அவ்வளவுதான் சொல்வேன்.

இந்தச் சண்டைக்காக ஐந்து பேருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அதில் நான்கு பேர் உயிரோடு இல்லை. ஒருவர் ஜான் க்ரேபர்ன், லெப்டினன்ட். பிறந்தது 1918-ல், கராச்சித் துறைமுகத்தை ஒட்டிய மனோரா தீவில். பட்டாளத்தில் சேரும் முன் என்ன வேலை தெரியுமா? நம்ம ஜாதி! ஹாங்காங் அண்ட் ஷாங்காய் பேங்கின் லண்டன் அலுவலகத்தில் உத்தியோகம். அந்த பேங்கின் தலைமை மேலாளராக ஹாங்காங்கில் இருந்த சர் வாண்டலர் க்ரேபர்ன் இவருக்குச் சொந்தம், அவர் ஜப்பானியர் பிடியில் 1943-ல் இறந்துபோனார். ஜான் முதல் நாள் இரவே பாலத்தின் மேல் தன் ஆட்களோடு ஓடித் தோளில் குண்டடி பட்டார். அதன் பிறகும் மூன்று நாள் பின்வாங்காமல் நின்று 20-ஆம் தேதி இறந்தார். உடல் கிடைத்தது 1948-ல்தான். பேங்க் வேலை பார்ப்பவன் கோழை என்று நினைக்கும் உறவினர்களுக்கு இந்தப் பத்தியைச் சமர்ப்பிக்கிறேன்.

இன்னொருவர் டேவிட் லார்ட், டகோட்டா விமான ஓட்டி. போருக்கு முன்பே இந்தியாவில், வடமேற்கு எல்லைப் பக்கம் விமானம் ஓட்டியவர். செப்டம்பர் 19-ஆம் தேதி வீரர்களுக்கு உணவும் தோட்டாவும் போட வந்தபோது இறக்கை தீப்பிடித்துவிட்டது. குதித்துவிடலாம். குதிக்கவில்லை. கீழே இருப்பவர்களுக்குப் பொருள் போய்ச் சேர வேண்டும் என்று இரண்டு முறை சுற்றி எல்லாவற்றையும் போட்டார். விமானம் நொறுங்கியது, பிழைத்தவர் ஒரே ஒருவர். லார்டுக்குத் தெரியாத விஷயம், அவர் குறிபார்த்துப் போட்ட இடம் ஏற்கெனவே ஜெர்மானியர் கையில் இருந்தது. இந்த இடத்தில் தங்கமணி நகர மாட்டேன் என்று நின்றுவிட்டாள். "யாருமே அவருக்குச் சொல்ல முடியலையா?" என்றாள். ரேடியோ வேலை செய்யவில்லை என்றேன். வேறென்ன சொல்வது.

டெல்லிவாசியாக எனக்கு இன்னொரு செய்தி. இரண்டாம் நாள் இறங்கிய படையில் 156-ஆவது பாராசூட் பட்டாலியன் என்று ஒன்று. இது பிறந்தது 1941-ல், நம்ம டெல்லியில். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் விருப்பம் தெரிவித்தவர்களைச் சேர்த்து 151 என்ற எண்ணில் ஆரம்பித்தார்கள். மத்தியக் கிழக்குக்குப் போன பிறகு எண் 156 ஆயிற்று. ஊஸ்டர்பேக் காடுகளில் இந்தப் பட்டாலியன் ஏறக்குறைய அழிந்தது. திரும்பி வந்தவர்கள் மிகச் சிலர். பிறகு பட்டாலியனையே கலைத்துவிட்டார்கள்.

செப்டம்பர் 25 இரவு, மழையில், மிச்சமிருந்தவர்களைப் படகில் ஆற்றைத் தாண்டித் தெற்கே கொண்டுவந்தார்கள். சுமார் பத்தாயிரம் பேர் போன டிவிஷனில் ஏறத்தாழ 2,400 பேர் வந்து சேர்ந்தார்கள். சுமார் 1,500 பேர் இறந்தார்கள், 6,000-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள், அதில் பலர் காயம்பட்டவர்கள்.

அந்தக் காயம்பட்டவர்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய பெயர் கேட் டெர் ஹோர்ஸ்ட். ஊஸ்டர்பேக்கின் பழைய சர்ச்சுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, ஐந்து குழந்தைகளின் தாய். அவர் வீட்டுக்குள் சுமார் 250 பேரைக் கிடத்தினார்கள். கூடத்தில், மாடிப்படியில், சமையலறையில், எங்கே பார்த்தாலும் ஆட்கள். தண்ணீர் இல்லை, மருந்து இல்லை. குழந்தைகளை நிலவறையில் உட்கார வைத்துவிட்டு, இரவில் டார்ச் வெளிச்சத்தில் சாகக் கிடந்தவர்களுக்கு பைபிள் வாசித்தார். இறந்தவர்களைத் தோட்டத்திலேயே புதைத்தார்கள். சண்டை முடிந்தும் அந்தக் குடும்பத்தைப் போர் விடவில்லை. 1947-ல் மூத்த மகன் கண்ணிவெடியில் இறந்தான். 1992-ல் கேட் தன் வீட்டு வாசலிலேயே கார் மோதி இறந்தார்.

ஊருக்கு வெளியே ராணுவக் கல்லறை. ஒரே அளவான வெள்ளைக் கற்கள், 1,750-க்கும் மேல். ஒவ்வொரு செப்டம்பரிலும் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் வந்து கல்லறைக்கு ஒருவராக நின்று பூ வைக்கிறார்கள். இது 1945-லேயே ஆரம்பித்த வழக்கம். இந்த ஊருக்கு அந்தச் சிப்பாய்கள் கொடுத்தது வெற்றியல்ல, இடிந்த வீடுகள். அப்படியிருந்தும் அவர்கள் பிள்ளைகள் பூ வைக்கிறார்கள் என்பது எனக்கு லேசில் புரியவில்லை. கல்லறையில் போலந்துக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கதைதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

தளபதி ஸ்டானிஸ்வாஃப் சோசபோவ்ஸ்கி. போலந்து வீழ்ந்த பின் இங்கிலாந்து வந்து பாராசூட் படைப்பிரிவை உருவாக்கியவர். படையின் நோக்கமே ஒரு நாள் வார்சாவில் குதித்துச் சொந்த ஊரை மீட்பது. 1944 ஆகஸ்டில் வார்சா மக்கள் எழுச்சி தொடங்கிவிட்டது. ஊர் எரிகிறது, இவர்களோ ஆர்னெமுக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. திட்டக் கூட்டங்களிலேயே இது நடக்காத காரியம், ஜெர்மானியர்களைக் குறைத்து எடைபோடுகிறீர்கள் என்று சோசபோவ்ஸ்கி எதிர்த்துப் பேசினார். யாரும் காது கொடுக்கவில்லை. இங்கிலாந்தில் மூடுபனி, இரண்டு நாள் தாமதம். 21-ஆம் தேதி ட்ரீல் என்ற ஊரில், ஆற்றின் தெற்குக் கரையில், குண்டு மழையில் இறங்கினார்கள். சில விமானங்கள் பாதியில் திரும்பிவிட்டன. டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் கிளைடரில் வடக்குக் கரைக்குப் போயிருந்தன. ஆற்றைக் கடக்கப் பரிசல் இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள், அதுவும் இல்லை. சின்ன ரப்பர் படகுகளில் இரவோடு இரவாக, ஜெர்மானியர் சுட்டுக்கொண்டிருக்க, சில நூறு பேரைத்தான் கடத்த முடிந்தது.

தோல்விக்குப் பிறகு யார் மேல் பழி? திட்டம் போட்ட மான்ட்கோமரி மேலா? வான்படைத் தலைவர் ப்ரௌனிங் மேலா? போலந்துக்காரர்கள் சரியாகச் சண்டை போடவில்லை என்று மான்ட்கோமரி லண்டனுக்கு எழுதினார். சோசபோவ்ஸ்கியோடு வேலை செய்யவே முடியவில்லை என்று ப்ரௌனிங் எழுதினார். 1944 டிசம்பரில் பதவி பறிபோயிற்று. போருக்குப் பின் கம்யூனிஸ்ட் போலந்துக்குத் திரும்ப முடியவில்லை. ஒரு ஜெனரல், லண்டனில் தொழிற்சாலைக் கூலி வேலை பார்த்துக் குடும்பம் நடத்தினார். 1967-ல் இறந்தார்.

பேங்கில் இருபது வருடம் தள்ளியவன் என்ற முறையில் இது எனக்குப் பழகிய காட்சி. பெரிய கடன் ஒன்று மூழ்கிவிட்டால் 'ஸ்டாஃப் அக்கவுண்டபிலிட்டி' என்று ஒரு ரிப்போர்ட் எழுதுவார்கள். மேலே கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்டவர் ரிட்டயர் ஆகி மாலையோடு போயிருப்பார். கீழே, "இந்தப் பார்ட்டி வேண்டாம் சார்" என்று குறிப்பு எழுதி வைத்தவன் பெயர்தான் ரிப்போர்ட்டில் வரும். ஆட்சேபம் சொன்னவன் என்பதே அவன் மனசில்லாமல் வேலை செய்தான் என்பதற்கு அத்தாட்சியாகிவிடும். சோசபோவ்ஸ்கிக்கு நடந்ததும் இம்மியளவு பிசகாமல் இதுதான்.

ட்ரீல் மக்கள் மட்டும் மறக்கவில்லை. சர்ச்சுக்கு முன்னால் போலந்துக்காரர்களுக்கு நினைவிடம் வைத்து வருடா வருடம் கூடினார்கள். 2006 மே மாதம் ராணி பியாட்ரிக்ஸ் அந்தப் படைப்பிரிவுக்கு நெதர்லாந்தின் மிக உயர்ந்த ராணுவ விருதை வழங்கினார். சோசபோவ்ஸ்கிக்கு, இறந்து 39 வருடம் கழித்து, வெண்கலச் சிங்கம் விருது. சின்ன ஊர், சின்னச் சதுக்கம், அன்று எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

சிப்பாய்களைப் பற்றியே பேசினால் ஊர்க்காரர்கள் விட்டுப்போகும். தோல்விக்குப் பிறகு ஆர்னெமில் ஒருவர்கூட இருக்கக் கூடாது என்று ஜெர்மானியர் உத்தரவிட்டார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கைவண்டியிலும் சைக்கிளிலும் மூட்டை கட்டிக் கிளம்பினார்கள். காலியான வீடுகளை முறைப்படி சூறையாடிப் பொருட்களை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். 1945 ஏப்ரல் நடுவில் ஊர் விடுதலையானபோது உள்ளே இடிபாடுதான். ஆர்னெமில் திறந்தவெளி மியூசியம் ஒன்று இருக்கிறது. நாடு முழுவதிலிருந்தும் பழைய பண்ணை வீடுகள், ஆலைகள், கடைகளைப் பெயர்த்து வந்து நட்டிருப்பார்கள். (நம்ம தட்சிணசித்ரா மாதிரி, ஆனால் பல மடங்கு பெரிது.) அந்த 1944-ல் நூற்றுக்கணக்கான அகதிகள் இந்தக் காட்சி வீடுகளுக்குள்ளேயே குடியிருந்தார்கள். மியூசியத்துக்குள் குடித்தனம்! பக்கத்து வெல்ப் ஊரில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி அந்தக் குளிர்காலப் பசியில் எலும்பும் தோலுமானாள். பின்னாளில் ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்ன்.

பசி என்றதும் அடுத்த கணக்கு. மார்க்கெட் கார்டனுக்கு உதவியாக, லண்டனில் இருந்த டச்சு அரசு ரயில்வே ஊழியர்களை வேலைநிறுத்தம் செய்யச் சொன்னது. பதிலடியாக ஜெர்மானியர் மேற்கு மாவட்டங்களுக்கு உணவு போவதைத் தடுத்தார்கள். பிறகு கால்வாய்கள் உறைந்துபோயின. மக்கள் ட்யூலிப் கிழங்கை அவித்துத் தின்றார்கள் (மாமிகளே, ட்யூலிப் வந்துவிட்டது). சுமார் 20,000 பேர் இறந்தார்கள். அப்போது கருவில் இருந்த குழந்தைகளை ஆம்ஸ்டர்டாம் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை வைத்துத் தேடிப் பிடித்து, அவர்களுக்குக் கிழவயதில் வந்த இதய நோய், சர்க்கரை வரை ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். அதே போரில், ஒரு வருடம் முன்னால், 1943-ல் வங்காளத்தில் இறந்தவர்கள் 20 லட்சத்திலிருந்து 30 லட்சம் வரை என்பது மதிப்பீடு. பத்து லட்சம் இப்படி அப்படி. நமக்குத் துல்லியமான எண்ணிக்கை கூட இல்லை.

நைமேகனுக்கு வருவோம். அங்கே வால் நதியைப் பட்டப்பகலில் கான்வாஸ் படகுகளில், துப்பாக்கிக் கட்டையைத் துடுப்பாக்கிக் கடந்த அமெரிக்கர்களின் கதை பிரபலம். செப்டம்பர் 20, 48 பேர் பலி. அந்த இடத்தில் 2013-ல் புதுப்பாலம் கட்டி 48 ஜோடி விளக்கு வைத்திருக்கிறார்கள். அஸ்தமனத்தில் ஜோடி ஜோடியாக நடை வேகத்தில் எரிகின்றன. கூடவே முன்னாள் ராணுவத்தினர் ஒருவர் நடக்கிறார். நாங்களும் பின்னால் நடந்தோம். மழைத் தூறல், பையன் கூட ஒன்றும் பேசவில்லை.

ஆனால் அதே ஊருக்கு இன்னொரு அமெரிக்கக் கதை உண்டு. அதே வருடம் பிப்ரவரி 22, மதியம். ஜெர்மனிக்குள் குறிவைத்த இடத்துக்குப் போக முடியாமல் திரும்பிய அமெரிக்க விமானங்கள் வழியில் நைமேகன் நடுவில் குண்டு போட்டன. ஏறக்குறைய 800 பேர் இறந்தார்கள். ஒரு பள்ளியில் மட்டும் 24 குழந்தைகள், 8 கன்னியாஸ்திரிகள். ஏழு மாதத்தில் அதே அமெரிக்கர்கள் விடுதலை செய்ய வந்தார்கள், ஊர் பூ தூவி வரவேற்றது. விடுவித்தவனைக் குற்றம் சொல்வது எப்படி? பல வருடங்களுக்கு 'தவறுதலாக விழுந்த குண்டு' என்ற ஒரே வார்த்தையோடு முடித்துக்கொண்டார்கள். அது தவறா, கிடைத்த ஊரில் போட்டுவிட்டுப் போவோம் என்ற அலட்சியமா என்று சரித்திர ஆசிரியர்கள் கேட்க ஆரம்பித்தது வெகு பின்னால். பள்ளி இருந்த இடத்தில் 2000-ல்தான் நினைவுச்சின்னம் வந்தது, ஊஞ்சல் வடிவில். நகரசபைக்குப் பின்னால், கவனித்துத் தேடினால்தான் கண்ணில் படும். பாலத்து விளக்குகளைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம்.

க்ரூஸ்பேக் ஊரில் பாராசூட் குடை போலக் கூரை போட்ட சுதந்திர மியூசியமும் நன்றாகவே இருக்கிறது. ஒரு மதியம் போதும்.

கடைசியாக ப்ரான்பேக். சுற்றுலாக்காரர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத இடம். ஆர்னெமிலேயே, 1863-ல் ராஜா மூன்றாம் வில்லியம் திறந்த முதியோர் இல்லம். யாருக்கு? டச்சுக் கிழக்கிந்தியப் படையில், அதாவது இன்றைய இந்தோனேசியாவை அடக்கி வைத்திருந்த காலனிப் படையில், வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிப்பாய்களுக்கு. வெள்ளை மாளிகை, முன்னால் பீரங்கிகள், உள்ளே மியூசியம். நாங்கள் போனபோது அங்கேயே இந்தோனேசியச் சாப்பாடு கிடைத்தது. கடலைச் சட்னி ஊற்றிய காய்கறி, சம்பல். ஒரு வார ரொட்டிக்கும் சீஸுக்கும் பிறகு தங்கமணி முகத்தில் அன்றுதான் சிரிப்பு.

1945 மே 5-ஆம் தேதி, ஆர்னெமிலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள வாகெனிங்கன் ஊர் ஹோட்டலில் ஜெர்மானியத் தளபதியை உட்கார வைத்துச் சரணடைவுப் பேச்சு நடத்தினார்கள். ஐந்து வருட அடிமைத்தனம் முடிந்தது. ஆகஸ்ட் 17-ஆம் தேதி இந்தோனேசியா தன்னைச் சுதந்திர நாடு என்று அறிவித்தது. அந்நியப் படை ஊரில் நிற்பது எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரிந்த அதே டச்சுக்காரர்கள், அதை ஏற்காமல் படையனுப்பி 1949 வரை சண்டை போட்டார்கள். இதில் நம்மவர்களும் உண்டு. 1945 நவம்பரில் சுரபாயா நகரில் இந்தோனேசிய இளைஞர்களோடு மோதியது பிரிட்டிஷ் இந்தியப் படை. தாங்களே அடிமை நாட்டுச் சிப்பாய்கள், இன்னொரு நாட்டின் விடுதலையை அடக்கப் போனார்கள். சிலர் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

விடுதலை நெருங்கியதும் நம் கணக்கு மாறியது. 1947-ல் டச்சு ராணுவம் தாக்கியதும் நேரு அரசு டச்சு விமானங்கள் இந்திய வானில் பறக்கத் தடை போட்டது. பிஜு பட்நாயக் தானே விமானம் ஓட்டிப் போய் இந்தோனேசியத் தலைவர் ஷரீரை வெளியே கொண்டுவந்தார். 1949 ஜனவரியில் நம்ம டெல்லியிலேயே இந்தோனேசியாவுக்காக ஆசிய நாடுகளின் மாநாடு கூடியது. டச்சு ராஜா 2020-ல் போகோரில் மன்னிப்புக் கேட்டார். 2022-ல், அந்தப் போரில் டச்சுப் படை திட்டமிட்டே அளவு கடந்த வன்முறை செய்தது என்று அவர்கள் நாட்டு ஆய்வாளர்களே அறிக்கை தந்த அன்று, பிரதமர் ருட்டேயும் மன்னிப்புக் கேட்டார்.

ப்ரான்பேக் தோட்டத்தில் நினைவுக் கற்கள் நிறைய. ஜப்பானியர் முகாம்களில் செத்த டச்சுக் குடும்பங்களுக்கு, சயாம்-பர்மா ரயில் பாதையில் இறந்தவர்களுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கல். அந்த ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள். பையன் கேட்டான், "இங்க நம்மாளுங்களுக்குக் கல் இருக்காப்பா?" நான் பார்த்த வரையில் இல்லை. இருக்க வேண்டிய இடமும் இதுவல்ல என்றேன். அப்படியென்றால் எங்கே என்று அடுத்த கேள்வி. பஸ் வந்துவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு: ஐந்தோவனிலிருந்து ரயிலில் நைமேகன், ஆர்னெம் இரண்டுமே எளிது. நிறைய மியூசியம் பார்ப்பதாக இருந்தால் மியூசியம் கார்டு வாங்குவது லாபமா என்று முதலிலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள். செப்டம்பர் நடுவில் போனால் நினைவு நாள் நிகழ்ச்சிகளும் கிடைக்கும், ஆனால் தங்குமிடம் முன்னாலேயே பதிவு செய்துவிடுங்கள். பக்கத்துக் காட்டுக்குள் க்ரோலர்-முல்லர் மியூசியத்தில் கிட்டத்தட்ட 90 வான்கோ ஓவியங்கள் இருக்கின்றன. கம்பெனி நொடித்த காலத்தில் அந்த அம்மாள் தன் சேகரிப்பைக் காப்பாற்ற 1935-ல் அரசாங்கத்திடமே ஒப்படைத்த கதை ஒரு அருமையான பேங்கிங் கதை. அதைத் தனியாக எழுதுகிறேன்.